சங்கத்துக்கு வந்தவரும் சங்கத்தில் அமர்ந்தவரும்

1912இல் சென்னையில் சாரதா மகளிர் சங்கத்தைத் தொடங்கியபோது சகோதரி சுப்பலட்சுமிக்கு வயது 26. சிறுமியாக இருந்தபோதே கணவனை இழந்தவர். சங்கம் தொடங்குவதற்கு முந்தைய ஆண்டுதான் மாநிலக் கல்லூரியில் பி.ஏ. தேறியிருந்தார். இளம் விதவை என்றால் தலையை மழித்து, நார்மடி உடுத்தி, அடுப்படியில் ஒடுங்கியிருக்க வேண்டும் என்று பல வீடுகள் கருதிய காலம் அது. சங்கத்தில் குடும்பப் பெண்கள் கூடினார்கள், பேசினார்கள், கேட்டார்கள். அந்தப் பழக்கத்திலிருந்துதான் இளம் விதவைகளுக்கான விடுதிக்கு ஆதரவு திரண்டது. எழும்பூரில் ஒரு வீட்டில் நாலைந்து பெண்களோடு தொடங்கிய விடுதி, பிறகு திருவல்லிக்கேணிக் கடற்கரையில் இன்று விவேகானந்தர் இல்லமாக நிற்கும் ஐஸ் ஹவுஸுக்குக் குடிபெயர்ந்தது.

மாதர் சங்கங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் வழக்கமாகக் கட்டடங்களையும் விழாக்களையும் பொறுப்பாளர்களின் பெயர்களையும் அடுக்குவார்கள். எனக்கு அவை போதவில்லை. நூறாண்டுக்கும் மேற்பட்ட இந்த மரபைப் படிக்கப் படிக்க ஒரே கேள்விதான் அளவுகோலாக நிற்கிறது. உதவி கேட்டு வந்த பெண், அதே சங்கத்தின் கூட்டத்தில் நாற்காலி போட்டு அமர்ந்து தீர்மானத்துக்குக் கை தூக்க எத்தனை காலம் ஆயிற்று? சில சங்கங்களில் பத்தாண்டு. சிலவற்றில் அந்த நாள் வரவே இல்லை.

இந்த அளவுகோலில் சாரதா வழி பாதி வெற்றி. விடுதியில் சேர்ந்த பெண்களைப் படிக்கவைத்து ஆசிரியைகளாக ஆக்குவதே சுப்பலட்சுமியின் திட்டம். 1922இல் தொடங்கிய லேடி வெலிங்டன் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்கு அவரே தலைமை ஏற்றார். இரக்கத்துக்குரியவளாக உள்ளே வந்த பெண், சம்பளம் வாங்கும் ஆசிரியையாக வெளியே போனாள். மாகாணமெங்கும் பெண்பள்ளிகளுக்கு ஆசிரியைகள் கிடைக்காமல் தவித்த வேளையில் இது சாதாரணக் காரியமல்ல. ஆனால் அந்த விடுதி பிராமண விதவைகளுக்கானது. பிற சாதி விதவைகளின் துயரம் அவர்கள் துயரத்துக்குக் குறைந்ததல்ல. கதவுதான் அவர்களுக்குத் திறக்கவில்லை. பெரியோரைக் கொண்டாடும் இது போன்ற சங்க மலரிலும் இதைச் சொல்லியே ஆகவேண்டும்.

அடையாறு வழி வேறு. 1917 மே 8 அன்று அங்கே இந்திய மாதர் சங்கம் பிறந்தது. அன்னி பெசன்ட் தலைவர். டாரதி ஜினராஜதாசவும் மார்கரெட் கசின்ஸும் ஓடியாடி வேலை செய்தவர்கள். கிளைகளில் படிப்பும் தையலும் சொற்பொழிவும் நடந்தன. ஆனால் சங்கத்தின் கண் சட்டத்தின்மேல் இருந்தது. தொடங்கிய ஆண்டின் டிசம்பரிலேயே, சரோஜினி நாயுடு தலைமையில் சென்ற பெண்கள் குழு சென்னையில் பிரிட்டனின் இந்திய அமைச்சர் மாண்டேகுவைச் சந்தித்து, ஆண்களுக்கு உள்ள வாக்குரிமை பெண்களுக்கும் வேண்டும் என்று கேட்டது. 1921இல் பெண்களுக்கு வாக்குரிமை அளித்த முதல் பிரிட்டிஷ் இந்திய மாகாணம் சென்னைதான். சொத்துத் தகுதி இருந்ததால் வாக்களிக்க முடிந்தவர்கள் மிகச் சிலரே. இருந்தும் கதவில் தட்டியது கேட்டது. சங்கத்தின் ‘ஸ்திரீ தர்மம்’ இதழ் ஆங்கிலத்தோடு இந்திய மொழிப் பகுதிகளையும் சேர்த்துக்கொண்டு, இந்தச் செய்திகளை வீட்டுக்குள் கொண்டுபோனது.

இந்த அடையாறு வழியின் ஆகப்பெரிய ஆளுமை டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. சட்டமன்றத்துக்கு நியமிக்கப்பட்டு, அதன் துணைத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். பெண்குழந்தைகளைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்க அவர் தொடங்கிய போராட்டம், 1947இல்தான் முழுமையான சட்டமாக முடிந்தது. அவருடைய தாயார் சந்திரம்மாள், பொட்டுக்கட்டும் வழக்கமுள்ள தேவதாசி சமூகத்தில் பிறந்தவர் என்பதால், இதை அயலார் ஒருவர் செய்த சீர்திருத்தம் என்று எளிதில் தள்ளிவிட முடியாது. ஆயினும் பெங்களூர் நாகரத்தினம்மாள் முதலான கலைஞர்கள் சங்கமாகத் திரண்டு எதிர்த்து மனுக்கொடுத்தார்கள். எங்கள் கலையையும் சொத்துரிமையையும் எங்களைக் கேட்காமல் தீர்மானிக்காதீர்கள் என்பதே அவர்கள் வாதத்தின் சாரம். பொட்டுக்கட்டுவது ஒழிந்தது நல்லதே என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அந்த மனுவை முழுக் காதோடு கேட்டிருந்தால், சதிர் நடனமும் அதை ஆடிய பெண்களும் அடுத்த இருபது ஆண்டுகளில் மேடையை விட்டு அவ்வளவு வேகமாக ஒதுக்கப்பட்டிருக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன். ஒரு மாதர் சங்கம் இன்னொரு மாதர் சங்கத்தோடு பேசத் தவறிய இடம் அது.

முத்துலட்சுமி அம்மையார் சட்டத்தோடு நின்றுவிடவில்லை. பொட்டுக்கட்டுவதிலிருந்து தப்பி வந்த சிறுமிகளைச் சேர்த்துக்கொள்ள அன்றைய விடுதிகள் மறுத்தபோது, தம் வீட்டிலேயே இடம் கொடுத்தார். 1930இல் தொடங்கிய ஔவை இல்லம் அப்படிப் பிறந்ததுதான். புற்றுநோயில் தங்கையை இழந்த அவர், அந்த நோய்க்கென்றே ஒரு மருத்துவமனை வேண்டும் என்று பல ஆண்டுகள் மன்றாடினார். இந்திய மாதர் சங்கம் நிதி திரட்டியது. 1954இல் 12 படுக்கைகளோடு அடையாறு புற்றுநோய் மருத்துவமனை திறந்தது. அதன் பெயரோடு சங்கத்தின் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளான WIA இன்றும் ஒட்டியிருக்கின்றன. அங்கே வரிசையில் நிற்கும் குடும்பங்களில் எத்தனை பேருக்கு அந்த மூன்றெழுத்தின் பின்னால் ஒரு பெண்கள் சங்கம் இருப்பது தெரியும்?

நாகரத்தினம்மாளைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும். மரபைக் காக்கிறோம் என்று இன்று கோலப்போட்டியும் கொலு அலங்காரமும் நடத்துகிற சங்கங்கள் அவர் வாழ்க்கையை ஒருமுறை பார்க்க வேண்டும். திருவையாற்றில் தியாகராஜரின் சமாதி கவனிப்பாரற்றுக் கிடந்தபோது, தம் சம்பாத்தியத்தைக் கொட்டி அங்கே கோயில் எழுப்பியவர் அவர். அங்கே ஆராதனை நடத்திய பெரிய கட்சி, சின்னக் கட்சி இரண்டுமே பெண்களைப் பாட அனுமதிக்கவில்லை. தம் பணத்தில் எழுந்த சந்நிதியில் தமக்கே பாட்டு இல்லை! 1920களின் பிற்பகுதியில் அவர் பெண் கலைஞர்களைத் திரட்டித் தனியாக ஆராதனை நடத்தினார். ஊர் அதைப் பெண்கள் கட்சி என்றது. 1940இல் மூன்று கட்சிகளும் ஒன்றானபோது பெண்களுக்கும் மேடை கிடைத்தது. மரபு என்பது எடுத்து வைத்துப் பூட்டும் நகையல்ல என்பதையும், உள்ளே நுழைந்து பாடும் உரிமையும் அதில் அடக்கம் என்பதையும் இவர்கள் அளவுக்கு எந்தச் சங்கமும் நிறுவவில்லை.

சுயமரியாதை இயக்கத்துப் பெண்கள் தனி வழி கண்டார்கள். 1938 நவம்பரில் சென்னையில் நீலாம்பிகை அம்மையார் தலைமையில் நடந்த தமிழ்நாட்டுப் பெண்கள் மாநாட்டைப் பலரும் ஈ.வெ.ரா.வுக்குப் ‘பெரியார்’ பட்டம் தந்த மாநாடாக மட்டும் நினைவில் வைத்திருக்கிறார்கள். ஆனால் அங்கே கூடியவர்களில் மருத்துவர் தருமாம்பாள் போன்ற களப்பணியாளர்கள் இருந்தார்கள். அதே இயக்கத்தின் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார், பொட்டுக்கட்டும் வழக்கத்தின் கொடுமையை உள்ளிருந்து அறிந்தவர். அதை எதிர்த்து மேடையேறினார், நாவல் எழுதினார், இந்தி எதிர்ப்பில் சிறையும் சென்றார். என் அளவுகோலில் இவர் வேகமாகத் தேறுகிறார். யாருக்காகப் போராட்டமோ அவரே பேச்சாளர்.

மயிலாப்பூரில் துர்காபாய் 1937இல் சிறுமிகளைக் கூட்டி விளையாட்டும் படிப்புமாகத் தொடங்கிய குழுவிலிருந்து ஆந்திர மகிளா சபா வளர்ந்தது. பள்ளியை நடுவில் விட்ட பெண்களுக்குப் பாடம் சொல்லி, காசிப் பல்கலைக்கழகத்தின் மெட்ரிகுலேஷன் தேர்வுக்கு அனுப்பினார்கள். துர்காபாயே அந்தத் தேர்வு எழுதித்தான் மேலே படித்து வழக்கறிஞரானார்; அரசியல் நிர்ணய சபையிலும் அமர்ந்தார். 1953இல் மத்திய சமூக நல வாரியத்தின் முதல் தலைவராக அவர் ஆன பிறகு, படிப்பை விட்ட வயதுவந்த பெண்களுக்கான சுருக்கப் பாடத்திட்டத்தை வாரியம் நாடெங்கும் கொண்டுசென்றது. ஒரு தெருவில் நாலு பெண்கள் சேர்ந்து படித்த முறை அரசாங்கத் திட்டமாயிற்று. கல்விக்காக உழைக்கும் சங்கங்களில் நான் முதலிடம் தருவது இதற்கே. உதவித்தொகைக் காசோலையை மேடையில் கொடுத்துப் படம் எடுப்பது சுலபம்; தேர்வு முடியும்வரை கூட உட்கார்ந்து கணக்கு சொல்லிக்கொடுப்பதுதான் வேலை.

கடல்கடந்தும் இந்த மரபு இருந்தது. கொழும்பில் தமிழ் மாதர் சங்கம் 1909இலேயே உருவானது. அதன் கலாலயம் இசையும் நடனமும் கற்பித்தது. அங்குள்ள பெண்கள் இயக்கங்களில் உழைத்த டாக்டர் மேரி ரத்தினம், தமிழரை மணந்த கனடாக்காரர். 1930இல் லங்கா மகிளா சமித்தியைத் தொடங்கி, கிராமப் பெண்களிடம் சுகாதாரத்தையும் கைத்தொழிலையும் கொண்டுசேர்த்தார்.

இந்தச் சங்கங்கள் வளர்த்த நட்பைப் பற்றி இதுவரை தனியாகச் சொல்லவில்லை என்றால், அது இவை எல்லாவற்றுக்கும் அடியில் ஓடியதால்தான். மயிலாப்பூர் லேடீஸ் கிளப் அதற்கு நல்ல சாட்சி. மாலையில் கூடிப் பேசவும் விளையாடவும் ஏற்பட்ட பெண்கள் கழகம் அது. முதுமையில் சுப்பலட்சுமி அதன் தலைவராக இருந்த காலத்தில், 1956இல், அந்தக் கழகம் வித்யா மந்திர் பள்ளியைத் தொடங்கியது. ‘வெறும் அரட்டைக் கிளப்’ என்று வீட்டு ஆண்கள் சொல்லும் இடங்களை நான் ஒருபோதும் குறைவாக மதிப்பதில்லை. கணவர், மாமியார், சம்பளம் எதுவும் குறுக்கிடாமல் பெண்கள் ஒருவரையொருவர் நம்பப் பழகும் இடம் வேறு எங்கே இருக்கிறது? அந்த நம்பிக்கை இல்லாமல் எந்தப் பொருளாளரிடம் யார் சந்தா கொடுப்பார்கள்?

1978இல் ஜெயா அருணாசலம் தொடங்கிய உழைக்கும் பெண்கள் அமைப்பு இந்த மரபைத் தலைகீழாக்கியது. பூக்காரி, காய்கறிக்காரி, இட்லிக் கடைக்காரி ஆகியோர் அக்கம்பக்கத்துக் குழுக்களாகச் சேர்ந்து, ஒருவருக்கொருவர் பொறுப்பேற்று வங்கிக் கடன் வாங்கினார்கள், வட்டிக்குக் கடன் தரும் தண்டல்காரரிடமிருந்து மீண்டார்கள். 1981இல் தங்களுக்கென்றே கூட்டுறவுச் சங்கமும் அமைத்தார்கள். குழுத் தலைவி அதே தெருக்காரி, அதே தொழில்காரி. இங்கே உதவி கேட்டு வந்தவருக்கும் உறுப்பினருக்கும் இடையில் காத்திருப்புக் காலமே இல்லை.

1989இல் தர்மபுரியில் தொடங்கி மாநிலமெங்கும் பரவிய சுய உதவிக் குழுக்களும் இந்த வழியில் வந்தவைதான். குழுவை நடத்தும் ஊக்குநரும் பிரதிநிதிகளும் குறித்த காலத்துக்கு ஒருமுறை மாற வேண்டும் என்பது அவற்றின் விதி. நடைமுறையில் எழுதப் படிக்கத் தெரிந்த ஒரே பெண்ணிடமே தீர்மானப் புத்தகமும் வங்கிப் புத்தகமும் ஆண்டுக்கணக்கில் தங்கிவிடுகின்றன. படித்த பெண்கள் நிறைந்த நகரத்துச் சங்கங்களுக்கு இங்கே செய்ய ஒரு வேலை காத்திருக்கிறது. ஆண்டு விழாவுக்குச் சேலை கொடுக்க அழைக்கும் அந்தக் குழுப் பெண்களுக்குக் கணக்கு எழுதவும் கூட்டக் குறிப்பு எழுதவும் கற்றுத் தரலாம். இரண்டாம் ஆண்டில் அவர்களில் இருவரைத் தங்கள் செயற்குழுவிலும் சேர்த்துக்கொள்ளலாம். இந்த மலரை வெளியிடும் சங்கத்தின் அடுத்த பொதுக்குழுவில் இதை ஒரு தீர்மானமாகவே கொண்டுவரும்படி உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.