பள்ளிக்கூடமும் இல்லை, பரம்பரையும் இல்லை

'அவுட்சைடர் ஆர்ட்' என்று ஒரு வகை இருக்கிறது. ஓவியக் கல்லூரிப் பக்கமே போகாமல், விற்கும் எண்ணமும் இல்லாமல், தனக்குத் தோன்றியதைச் செய்துகொண்டே இருப்பவர்களின் கலை. தபால்காரரோ, மனநல மருத்துவமனையில் இருப்பவரோ, யாராகவும் இருக்கலாம். பிரெஞ்சு ஓவியர் ழான் துபூஃபே 1945-லிருந்து இவற்றைத் தேடித் தேடிச் சேர்த்தார். அதுதான் 1976-ல் ஸ்விட்சர்லாந்தில், லோசான் நகரில் மியூசியமாயிற்று.

நம்ம ஊரில் அப்படி ஒன்று உண்டா? கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் வரை ஒருமுறை போய்ப் பாருங்கள். முதலில் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம். 1966-ல் கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் ஓவியர்கள் பாத்திக் துணியும் கைவினைப் பொருளும் விற்ற காசில் உருவாக்கிய கிராமம். 2009-ல் திறந்த மியூசியம் பிரமாதம். ஆனால் பெரும்பாலோர் சென்னை ஓவியக் கல்லூரியில் படித்தவர்கள்.

அடுத்து முட்டுக்காட்டில் தக்ஷிணசித்ரா. 1996-ல் திறந்தது. செட்டிநாட்டு வீடு, கேரளத்து மர வீடு என்று பழைய வீடுகளைப் பிரித்து எடுத்துவந்து மறுபடி நிறுத்தியிருக்கிறார்கள். தூணைத் தடவிப் பார்க்கலாம், திண்ணையில் உட்காரலாம். கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டாத மியூசியம் என்பதற்கே ஒரு சபாஷ். அய்யனாரின் மண் குதிரைகள் முன்னால் ரொம்ப நேரம் நின்றேன். என்ன கம்பீரம்! ஆனால், இப்படிக் குதிரை செய்கிறவருக்கு அப்பாவோ தாத்தாவோ கற்றுக் கொடுத்திருப்பார்கள். மாமல்லபுரத்தில் சிற்பத்துக்கு 1957-லிருந்து அரசுக் கல்லூரியே இருக்கிறது. மூக்கு இத்தனை, முழங்கால் இத்தனை என்று சாஸ்திரம் அளவு சொல்லிவிடும்.

ஒரு பக்கம் பள்ளிக்கூடம், மறுபக்கம் பரம்பரை. இரண்டிலும் சேராத ஆசாமி எங்கே போவான்?

சண்டிகரில் ஒருத்தர் தப்பித்தார். நேக் சந்த், ரோடு இன்ஸ்பெக்டர். கார்பூசியே பிளான் போட்டு நேர்கோட்டில் நகரம் எழும்ப, இவர் இடிபாட்டுக் குப்பையிலிருந்து உடைந்த வளையல், பீங்கான், ஓடு எல்லாவற்றையும் சைக்கிளில் அள்ளிக்கொண்டு போய், அரசாங்கக் காட்டு நிலத்தில் வருஷக்கணக்காகத் திருட்டுத்தனமாய்ச் சிலைகள் செய்தார். எழுபதுகளில் அகப்பட்டுக்கொண்டார். சட்டப்படி இடித்துத் தள்ளியிருக்க வேண்டும். நல்லவேளை, சில அதிகாரிகளுக்குக் கண் இருந்தது. சம்பளமும் ஆட்களும் கொடுத்து 'ராக் கார்டன்' என்று திறந்துவிட்டார்கள். அதுவும் 1976-ல்தான்! 1984-ல் பத்மஸ்ரீ. 2015-ல் மறைந்தார்.

செங்கல்பட்டுப் பக்கம் நேக் சந்த்களே இல்லை என்று சொன்னால் நான் நம்ப மாட்டேன். ரிடையரான மின்வாரிய ஊழியர் ஒருவர் செம்புக் கம்பியில் மயில் முறுக்கிக்கொண்டிருப்பார். 'இந்தக் குப்பையை எப்பங்க தூக்கிப் போடப் போறீங்க?' என்று உள்ளேயிருந்து குரல் வரும். (அவுட்சைடராம்! வீட்டுக்குள்ளேதான் இருக்கிறார்.) அவர் காலமானதும், பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு, காயலான் கடைக்காரர் மயில்களை எடை போட்டு வாங்கிக்கொண்டு போய்விடுவார். செம்புக்கு நல்ல விலை.

தக்ஷிணசித்ராவில் கண்காட்சிக்கூடம் இருக்கிறது. வருஷத்தில் ஒரே ஒரு மாதம் அதை இந்த ஆசாமிகளுக்கு விட்டுப் பார்க்கலாம். குயவர் வீடு, நெசவாளர் வீடு என்கிற மாதிரி தொழில் பெயர் வேண்டாம். அவரவர் சொந்தப் பெயரைப் பெரிதாக எழுதி ஒட்டட்டும்.

போகிறவர்கள் கவனத்துக்கு: செவ்வாய்க்கிழமை விடுமுறை.