புரியாத மொழியில் கேலி: மாணவர் மேடையில் அரிஸ்டோஃபனீஸ்

கிரேக்கத் துன்பியல் நாடகத்தை மூல மொழியிலேயே நடித்தாலும் சபை பொறுமையாக உட்கார்ந்திருக்கும். கதை முன்பே தெரியும். ஒப்பாரிக்கு அகராதி தேவையில்லை. கேலி அப்படியல்ல, சொன்ன நொடியில் பிடிபட வேண்டும். ஆனாலும் பழைய ஏதென்ஸின் கேலி நாடக ஆசிரியர் அரிஸ்டோஃபனீஸின் நாடகங்கள் பல்கலைக்கழக மேடையை விட்டு இறங்கவே இல்லை. அவற்றை அங்கே தாங்கி நிற்பது வசனம் அல்ல, கோரஸ் என்கிற கூட்டம்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆக்ஸ்ஃபோர்டின் பேலியல் கல்லூரி 1880இல் ‘அகமெம்னான்’ என்ற துன்பியல் நாடகம் போட்டது. கேம்பிரிட்ஜ் 1882இல் ‘அயாஸ்’ என்ற துன்பியல் நாடகம் போட்டுவிட்டு, மறு ஆண்டே துணிந்து அரிஸ்டோஃபனீஸின் ‘பறவைகள்’ பக்கம் போனது. ஏதென்ஸின் ஓயாத வழக்குகளில் சலித்துப்போன இருவர் பறவைகளிடம் போய், அவற்றைத் தூண்டிவிட்டு ஆகாயத்தில் ஒரு நகரம் கட்டுகிற கதை. அதில் பிரதான வேடம் கட்டிய எம். ஆர். ஜேம்ஸ் பிற்காலத்தில் பேய்க்கதைகளுக்குப் பேர்போனவர். இசை ஹ்யூபர்ட் பாரி. ஆக்ஸ்ஃபோர்டு மாணவர் நாடகச் சங்கம் 1892இல் ‘தவளைகள்’ போட்டபோதும் இசைக்கு அவரையே பிடித்தார்கள். வந்திருந்தவர்களில் பலர் பள்ளியில் கிரேக்க மொழியை உருப்போட்டவர்கள். மற்றவர்களுக்கு மொழிபெயர்ப்போடு அச்சிட்ட நாடகப் புத்தகம் கிடைத்தது. புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே எவ்வளவு நேரம் சிரிக்க முடியும்? மிச்ச வேலையை இசையும் ஆட்டமும் செய்தாக வேண்டும்.

அதற்கு நல்ல சாட்சி 1909இல் கேம்பிரிட்ஜ் போட்ட ‘குளவிகள்’. நீதிமன்றப் பைத்தியம் பிடித்த கிழவரை மகன் வீட்டிலேயே அடைத்துவைத்து, அவர் ஆசை தீர ஒரு போலி வழக்கு நடத்துகிறான். குற்றவாளி வீட்டு நாய். சிசிலிப் பாலாடைக்கட்டியைத் திருடித் தின்றதாகப் புகார். வாதியும் ஒரு நாய். கிண்ணம், உலக்கை, பாலாடைக்கட்டி துருவி எல்லாம் சாட்சிக்கு வருகின்றன. நாய்களின் பெயருக்குள் ஒளிந்திருந்தவர்கள் லாகெஸ் என்ற தளபதியும் கிளியோன் என்ற அரசியல்வாதியும். கி.மு. 422இல் அதைக் கேட்டவர்கள் அந்த இருவரையும் கண்ணால் கண்டவர்கள். கேம்பிரிட்ஜில் அந்தக் குத்து செத்த குத்து. ஆனால் துருவி சாட்சிக் கூண்டேறினால் எந்த ஊரிலும் சிரிப்பு வரும். இசையமைத்த வான் வில்லியம்ஸ் அந்தச் சமையல் பாத்திரங்களுக்கென்றே ஓர் அணிவகுப்பு இசை எழுதினார். (முன்னிசைப் பகுதி நாடகத்தைக் கழற்றிவிட்டு இன்றும் கச்சேரிகளில் தனியாக ஓடுகிறது.)

அமெரிக்காவின் யேல் வேறு வழி பிடித்தது. ‘தவளைகள்’ நாடகத்தில் தியோனைசஸ் என்ற தெய்வம் பாதாளத்துக்குப் படகில் போகிறான். துடுப்புப் போட்டுக் கை கொப்பளிக்க, தவளைக் கூட்டம் கத்தியே அவன் உயிரை எடுக்கிறது. பர்ட் ஷெவலவ் 1941இல் இதைப் பல்கலைக்கழக நீச்சல் குளத்திலேயே ஆங்கிலத்தில் அரங்கேற்றினார். தவளைகளாக வந்தவர்கள் நீச்சல் அணியினர். 1974இல் அதே குளத்தில் ஸ்டீஃபன் சோண்ட்ஹைம் பாடல்களோடு மறுபடி போட்டபோது, கோரஸில் நின்ற மாணவர்களில் மெரில் ஸ்ட்ரீப்பும் சிகர்னி வீவரும் இருந்தார்கள். மூலத்தில் பாதாளத்தில் துன்பியல் கவிஞர்களான எஸ்கிலஸுக்கும் யூரிபிடீஸுக்கும் நடக்கும் கவிச்சண்டை அங்கே ஷேக்ஸ்பியர்–பெர்னார்ட் ஷா சண்டையாகிவிட்டது. குளத்து எதிரொலியில் பாடல் வரிகள் கரைந்தன. எனக்கு இந்த மாற்றம் முழுச் சம்மதமில்லை. ஆனால் தவளைகளைத் தண்ணீரில் இறக்கிய யோசனைக்கு ஈடில்லை.

பழைய ஏதென்ஸில் கேலி நாடகக் கோரஸுக்கு 24 பேர். அவர்கள் தொழில்முறை நடிகர்கள் அல்ல. ஒரு செல்வந்தரின் செலவில் பயிற்சி பெற்ற சாதாரணக் குடிமக்கள். இன்றைய தொழில்முறை அரங்கில் 24 பேருக்குச் சம்பளம் கட்டுப்படியாகாது. கல்லூரியில் ஆளுக்குப் பஞ்சமில்லை, கூலியும் கேட்க மாட்டார்கள். கோரஸுக்குப் பழைய நிலைமை திரும்பக் கிடைப்பது இங்கேதான்.

கிடைக்காமல் போனவையும் உண்டு. விக்டோரியா காலத்தார் ஆபாசத்தை வெட்டி, தோல் குறி தொங்கும் பழைய உடுப்பைத் தொடாமலே விட்டார்கள். கேம்பிரிட்ஜ் கிரேக்க நாடகத்தில் பெண் வேடத்தையும் நெடுங்காலம் ஆண்களே கட்டினார்கள். 1885இல் அதீனாவாக வந்த ஜேனட் கேஸ் விதிவிலக்கு. போரை நிறுத்தப் பெண்கள் கணவன்மாரைப் படுக்கையில் புறக்கணிக்கும் ‘லைசிஸ்ட்ராட்டா’வை அப்படி ஒரு குழு எப்படிப் போட்டிருக்கும்? 2016இல் அதே கேம்பிரிட்ஜ் குழு அதை ‘ஆன்டிகனி’யோடு ஒரே மாலையில் கிரேக்கத்திலேயே நடத்தியது.

இப்போது புத்தகத்தின் இடத்தில் மேடைக்கு மேலே ஓடும் மொழிபெயர்ப்பு வரிகள். 1953 முதல் கிரேக்க நாடகம் போட்டுவரும் லண்டன் கிங்ஸ் கல்லூரியிலும் இதே ஏற்பாடுதான். இதில் ஒரு சங்கடம்: வரி அரை நொடி முந்திவிட்டால் நடிகர் வாய் திறக்குமுன் சபை சிரித்து முடித்துவிடும். ஆகவே நல்ல மாணவர் குழுவில் வரிகளைத் தள்ளிவிடுகிறவரும் ஒத்திகைக்குத் தப்பாமல் வருகிறார்.