மினர்வா தள்ளி நிறுத்திய போர்

லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கிறது ஓவியர் ரூபன்ஸின் ‘அமைதியும் போரும்’. ஏறக்குறைய மூன்று மீட்டர் அகலம். அதில் என்னை முதலில் இழுத்துக்கொள்வது சிறுத்தைதான். பழங்களுக்குக் கீழே, திராட்சைக் கொடியோடு பூனைக்குட்டி போல விளையாடிக்கொண்டிருக்கிறது. கிழித்துத் தின்னும் மிருகம் நகத்தை மறந்திருக்கும் அந்த நேரத்தைவிட அமைதியை எப்படித்தான் வரைவது?

நடுவில் அமைதித் தேவி மார்பிலிருந்து பால் பீய்ச்சுகிறாள். செல்வத்தின் கடவுளான புளூட்டஸ் குழந்தையாய் அதைக் குடிக்கிறான். பழக்குவியலை நெருங்கி நிற்கும் சிறுவர்கள், ரூபன்ஸுக்கு லண்டனில் தங்க இடம் தந்த கெர்பியரின் பிள்ளைகள். அவர்களில் ஒரு சிறுமி நம்மையே பார்க்கிறாள். தேவதைக் கூட்டத்துக்குள் ஒரு வீட்டுக் குழந்தையின் முகம்! கன்னத்துச் சிவப்பில் ரத்தம் ஓடுவது தெரிகிறது. சதையை இப்படி உயிரோடு தீட்ட வேறு யாரால் முடியும் என்று தோன்றும்.

அவள் முதுகுக்குப் பின்னால் இருட்டு. அங்கே கவசமணிந்த போர்க் கடவுள் மார்ஸை ஞானத் தேவி மினர்வா தன் பலமெல்லாம் திரட்டித் தள்ளிக்கொண்டிருக்கிறாள். பிள்ளைகளுக்கு அது தெரியாது. அவர்கள் அறியாமல் இருப்பதற்காக ஒருத்தி ஓயாமல் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. படத்தின் உயிர் இங்கேதான் என்பேன்.

தள்ளுவதன் சிரமம் ஓவியருக்குத் தெரியும். ஸ்பெயின் மன்னர் நான்காம் பிலிப்பின் தூதராக, இங்கிலாந்தோடு சமாதானம் பேசவே 1629-ல் அவர் லண்டன் வந்திருந்தார். அந்த நாட்களில் தீட்டிய இந்தப் படத்தை முதலாம் சார்லஸ் மன்னருக்குப் பரிசளித்தார். 1630-ல் உடன்படிக்கையும் ஆனது.

ஆனால் முப்பதாண்டுப் போரில் ஐரோப்பா எரிந்துகொண்டேயிருந்தது. 1638 வாக்கில் ரூபன்ஸ் ‘போரின் விளைவுகள்’ வரைந்தார். இப்போது ஃபிளாரன்ஸின் பிட்டி அரண்மனையில் இருக்கிறது. இதில் மினர்வா இல்லை. படத்தின் நடுவே மார்ஸ், ரத்தம் தோய்ந்த வாளோடு பாய்கிறான். கையைப் பற்றி நிறுத்தப் பார்க்கும் காதல் தேவி வீனஸால் முடியவில்லை. கருப்பு உடையில் கைகளை உயர்த்திக் கதறும் பெண்தான் ஐரோப்பா. புத்தகம் காலடியில் மிதிபடுகிறது, வீணை போன்ற லூட் உடைந்து கிடக்கிறது. அன்று வெளிச்சத்தில் நின்ற குழந்தை, இன்று ஓரத்தில் நிலைகுலைந்த ஒரு தாயின் கைகளுக்குள்.

இரண்டு படங்களையும் அடுத்தடுத்துப் பாருங்கள், அச்சுப் பிரதியிலாவது. குழந்தை எங்கே இருக்கிறது என்று மட்டும் தேடுங்கள்.

ரூபன்ஸ் 1640-ல் இறந்தார். முப்பதாண்டுப் போர் முடிய இன்னும் எட்டு ஆண்டுகள் இருந்தன.