எட்டப்பன் என்கிற சொல்: கட்டபொம்மன் படமும் என் பழைய குறிப்பும்

முதலில் ஒரு திருத்தம். சில வருடங்களுக்கு முன் இங்கே 'கயத்தாறு: ஒரு வாய்மொழிச் சான்று' என்று ஒரு குறிப்பு எழுதியிருந்தேன். கட்டபொம்மன் தூக்குக் கயிற்றை வாங்கி முத்தமிட்டார் என்றும், கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் கிராமங்களில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படும் செய்தி இது என்றும் எழுதி, ஆதாரமாக என் தாத்தாவைக் காட்டியிருந்தேன். தாத்தா பேசியதை டேப்பில் பதிவு செய்து வைத்திருந்தேன். அதிலிருந்து எடுத்து எழுதியதுதான் அந்தக் குறிப்பு.

போன மாதம் கேசட்டுகளை எல்லாம் கணினியில் ஏற்றும்போது அதைத் திரும்பக் கேட்டேன். கயிற்றை முத்தமிட்ட கதையைத் தாத்தா சொல்லித்தான் இருக்கிறார். ஆனால் அடுத்த வாக்கியம்: "படத்துல அப்படித்தானப்பா காட்டுனான். சிவாஜி என்னமா நடிச்சிருப்பான்!"

இந்த வாக்கியத்தை நான் எழுதாமல் விட்டிருக்கிறேன். வேண்டுமென்று விட்டதாக நினைவில்லை. அது அப்போது காதில் விழவே இல்லை என்றுதான் நினைக்கிறேன். இதைவிட மோசம் ஒன்று இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன்.

1959-இல் வந்த பி.ஆர். பந்துலுவின் 'வீரபாண்டிய கட்டபொம்மன்' பற்றிப் புதிதாக விமர்சனம் எழுத என்ன இருக்கிறது என்று கேட்கலாம். சரித்திரப் பிழைகளைப் பட்டியல் போடுவது என் நோக்கமில்லை, அதைப் பலரும் செய்துவிட்டார்கள். ஒரு படம் எப்படி ஒரு ஊரின் ஞாபகமாகவே மாறிப்போகிறது என்பதுதான் எனக்கு முக்கியம். எங்கள் பக்கத்தில் அது தியேட்டரோடு நிற்கவில்லை. கல்யாண வீட்டில் குழாய் ஸ்பீக்கர் கட்டி, காலையில் பக்திப் பாட்டு முடிந்ததும் கட்டபொம்மன் வசனம் போடுவார்கள். படத்தைப் பார்க்காத பையனுக்கும் ஜாக்சன் துரையோடு நடக்கும் அந்த வாக்குவாதம் மனப்பாடம். பள்ளிக்கூட மாறுவேடப் போட்டியில் அட்டைக் கத்தியோடு நானும் அதைப் பேசிப் பென்சில் பாக்ஸ் வாங்கியிருக்கிறேன்.

கயத்தாறில் இடம் வாங்கிக் கட்டபொம்மனுக்குச் சிலை வைத்தவர் சிவாஜி கணேசன். யார் வேஷம் போட்டாரோ அவரே நினைவுச் சின்னமும் வைக்கிறார்! இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, அவர் மனதார வைத்தார். ஆனால் கட்டபொம்மன் என்றதும் நம் மனதில் வருகிற முகம் யாருடையது என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பாஞ்சாலங்குறிச்சியிலும் இதே கதைதான். கம்பெனிப் படை கோட்டையை இடித்துத் தரைமட்டமாக்கியது. இப்போது நாம் பார்ப்பது 1974-இல் அரசு கட்டிய நினைவுக் கோட்டை. பக்கத்தில் பழைய கோட்டையின் அடித்தளம் தனியாகக் கிடக்கிறது. அங்கே போய் செல்ஃபி எடுக்கிறவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

இனி எட்டப்பன். கல்லூரி ஹாஸ்டலில் என் பக்கத்து அறைக்காரன் எட்டயபுரத்துப் பையன். முதல் நாளே சீனியர்கள் அவனுக்கு 'எட்டப்பன்' என்று பேர் வைத்துவிட்டார்கள். நாலு வருஷமும் அதே பேர்தான். பரீட்சை ஹாலில் யாராவது பிட்டோடு மாட்டினால் உடனே எல்லோரும் அவனைத்தான் பார்ப்பார்கள். இரண்டாம் வருஷத்திலிருந்து ஊர் எதுவென்று கேட்டால் "கோவில்பட்டி பக்கம்" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டான். பாரதி பிறந்த ஊர், உமறுப்புலவர் வாழ்ந்த ஊர், முத்துசுவாமி தீட்சிதர் கடைசிக் காலத்தில் இருந்து மறைந்த ஊர். அந்த ஊர்ப் பேரைச் சொல்ல ஒரு பையன் கூச்சப்பட்டான். அப்படிக் கூப்பிட்டவர்களில் நானும் ஒருத்தன்.

எட்டப்பன் என்பது ஒரு ஆளின் பெயரே இல்லை. எட்டயபுரத்தை ஆண்ட எல்லோருக்கும் உரிய பட்டம். முன்னோர் ஒருவர் எட்டுத் தம்பிகளுக்கு அப்பனாக இருந்து ஆதரித்ததால் வந்தது என்பது அந்த வம்சத்தின் கதை. அதாவது அடைக்கலம் கொடுத்தவனுக்குக் கிடைத்த பேர். அது எப்படிக் காட்டிக்கொடுத்தவனின் பேராக மாறியது?

ஆவணங்கள் சொல்வது இவ்வளவுதான். 1799 செப்டம்பரில் பாஞ்சாலங்குறிச்சி முற்றுகைக்குப் பிறகு கட்டபொம்மன் வெளியேறுகிறார். கோலார்பட்டியில் எட்டயபுரத்து ஆட்கள் வளைத்துக்கொள்கிறார்கள். அங்கிருந்தும் தப்பிவிடுகிறார். கடைசியில் அவரைப் பிடித்துக் கம்பெனியிடம் ஒப்படைத்தது புதுக்கோட்டைத் தொண்டைமான். அக்டோபர் 16-ஆம் தேதி கயத்தாறில், மற்ற பாளையக்காரர்களை எல்லாம் வரவழைத்து உட்காரவைத்துப் புளியமரத்தில் தூக்கிலிட்டார்கள்.

தூக்கிலிட்ட மேஜர் பானர்மேன் மேலிடத்துக்கு எழுதிய கடிதத்தைக் கால்டுவெல் தன் திருநெல்வேலிச் சரித்திரத்தில் (1881) சேர்த்திருக்கிறார். நான் படித்தவற்றில் என்னை மிகவும் பாதித்த கடிதங்களில் ஒன்று அது. விசாரணை நடக்கும்போது கட்டபொம்மன் பயமே இல்லாமல் நின்றதாகவும், தன்னைப் பிடிக்க மும்முரமாக இருந்த எட்டயபுரத்தாரையும் சிவகிரியாரையும் அடிக்கடி வெறுப்போடு பார்த்ததாகவும் பானர்மேன் எழுதுகிறார். தூக்குமேடைக்குப் போகும் வழியில் அவர் கவலைப்பட்டது ஊமைத் தம்பியைப் பற்றி மட்டும். மரத்தடிக்கு வந்தபோது, கோட்டையை விட்டு வந்திருக்கக் கூடாது, அங்கேயே சண்டை போட்டுச் செத்திருக்கலாம் என்று வருத்தப்பட்டிருக்கிறார். கயிற்றை முத்தமிட்டது இந்தக் கடிதத்தில் இல்லை.

ஆகவே 'எட்டப்பன் பாவம், எல்லாம் சினிமாக்காரன் கட்டிவிட்டது' என்று சொல்லிவிட முடியாது. தூக்கிலிட்டவனே அந்தப் பார்வையைப் பதிவு செய்திருக்கிறான். ஆனால் அந்தப் பார்வை இரண்டு பேர் மேல் விழுந்தது. சிவகிரி வசைச்சொல் ஆகவில்லை. கையில் பிடித்துக் கொடுத்த தொண்டைமானும் ஆகவில்லை. ஏன்?

எனக்குத் தோன்றுவது, ஞாபகம் பக்கத்து வீட்டுக்காரனைத்தான் பிடித்துவைத்துக்கொள்கிறது. பாஞ்சாலங்குறிச்சிக்கும் எட்டயபுரத்துக்கும் எல்லைக் கிராமங்கள் பற்றித் தகராறு முன்பே இருந்தது. போர் முடிந்ததும் பாஞ்சாலங்குறிச்சி நிலத்தில் ஒரு பங்கு எட்டயபுரத்துக்குப் போனது. தோற்றவர்களின் ஊரில் இருந்தவர்களுக்கு இதை யாரும் பாடி நினைவூட்ட வேண்டியதில்லை, தீர்வை கட்டும்போதெல்லாம் ஞாபகம் வந்திருக்கும். புதுக்கோட்டையோ தூரத்து ஊர். போதாததற்கு எட்டப்பன் என்பது பட்டப்பேர் என்பதால் அந்த ஆள் செத்த பிறகும் அடுத்தடுத்த ஆட்களோடு பேர் உயிரோடு இருந்தது.

நா. வானமாமலை பதிப்பித்த கட்டபொம்மு கதைப்பாடலைப் படித்தால் ஊர்ப் பேரும் ஆள் பேரும் வந்துகொண்டே இருக்கும். சில இடங்களில் அலுப்பாகக்கூட இருக்கும். அந்தப் பாட்டு நடுநிலையானது இல்லை, பாஞ்சாலங்குறிச்சிக்காரன் பாட்டுதான். ஆனால் எந்த ஊர், யார் யாருக்குச் சொந்தம், எது பகை என்ற விவரத்தோடு பகை வருகிறது. கேட்கிறவனுக்கு அந்த ஊர்கள் தெரியும். சென்னையிலும் சேலத்திலும் இலங்கையிலும் உட்கார்ந்து பார்க்கப்போகிறவனுக்குப் படம் எடுக்கும்போது எல்லைத் தகராறை வைத்து என்ன செய்வது? அதை எடுத்துவிட்டுப் பொறாமையை வைத்தார்கள். வி.கே. ராமசாமியின் முகத்தில் அது பிரமாதமாகப் பொருந்திவிட்டது. என் குறை இது ஒன்றுதான்: ஒரு தகராறு இருந்த இடத்தில் ஒரு குணம் வந்து உட்கார்ந்தது. தகராறு என்றால் இரண்டு பக்கமும் கேட்கத் தோன்றும். குணம் என்றால் அது பிறவிக்குணம், ஊர்க்குணம், ஹாஸ்டல் வரைக்கும் வரும்.

இப்படிக் கழன்றுபோனது இன்னொன்றும் உண்டு. 1798-இல் ஜாக்சன் கட்டபொம்மனை ஊர் ஊராக அலையவிட்டு, ராமநாதபுரத்தில் நடந்த கைகலப்பில் கிளார்க் என்ற அதிகாரி செத்தார். கம்பெனி விசாரணை வைத்தது. தவறு ஜாக்சன் மேல்தான் என்று முடிவாகி அவர் வேலை போனது. அந்த வசனத்தை மனப்பாடமாகச் சொல்லும் யாரிடமாவது இதைச் சொல்லிப் பாருங்கள், நம்ப மாட்டார்கள். கட்டபொம்மன் கட்சி ஜெயித்த இடம் அது! ஆனால் தன் கலெக்டரையே தப்பு சொன்ன கம்பெனியை எங்கே வைப்பது என்று நம் கதைக்குத் தெரியவில்லை.

கேம்பிரிட்ஜில் பார்ட்லெட் என்ற உளவியலாளர் செய்த சோதனை இதற்குப் பொருந்தும் (1932 புத்தகத்தில் வருகிறது). வட அமெரிக்கப் பூர்வகுடிகளின் கதை ஒன்றை இங்கிலாந்துக்காரர்களிடம் படிக்கக் கொடுத்து, பிறகு திரும்பச் சொல்லச் சொன்னார். கேனோ என்பது சாதாரணப் படகாகியது, சீல் வேட்டை மீன்பிடிப்பானது, புரியாத பேய் விஷயங்கள் காணாமல் போயின. பொய் சொல்லும் எண்ணம் யாருக்கும் இல்லை. தங்களுக்குத் தெரிந்த கதையின் வடிவத்துக்கு அதைக் கொண்டுவந்துவிட்டார்கள்.

எட்டயபுரத்துப் பக்கமும் எழுதிவைத்த ஞாபகம் இருக்கிறது. சாமி தீட்சிதர் எழுதிய 'வம்சமணி தீபிகை' 1879-இல் வந்தது. அரண்மனைக்காக எழுதிய புத்தகம், அரண்மனைக்குப் பிடித்த மாதிரிதான் இருக்கும். அதைத் திருத்தி நல்ல தமிழில் எழுதித்தரவா என்று 1919-இல் பாரதியே ஜமீன்தாருக்குக் கடிதம் எழுதினார். அது நடக்கவில்லை. நடந்திருந்தால் எட்டப்பன் வம்சக் கதையைப் பாரதியின் உரைநடையில் நாம் படித்துக்கொண்டிருப்போம். ஹாஸ்டலில் அந்தப் பேரை வைத்திருப்பார்களா என்று தெரியாது.

இந்தக் கட்டுரைக்காக அந்த நண்பனுக்குப் போன் போட்டேன். உங்கள் வீட்டில் இதை எப்படிச் சொல்வார்கள் என்று கேட்டேன். "எங்க ஆச்சி இதைப் பத்திப் பேசவே மாட்டாடா. 'ராசா ராசா'ன்னுவா, அவ்ளோதான். படம் டிவில போட்டா எந்திரிச்சு அடுப்படிக்குப் போயிருவா," என்றான். மன்னிப்பு கேட்கலாம் என்று நினைத்திருந்தேன். அவன் பையனுடைய நீட் மார்க் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டான்.

மோசமான விஷயம் ஒன்று பாக்கி என்றேனே, அது இதுதான். டேப்பில், சிவாஜி பேச்சு முடிந்ததும் தாத்தா கொஞ்சம் இருமிவிட்டுச் சொல்கிறார்: "எங்க அய்யா வண்டி கட்டிட்டுக் கயத்தாறு வழியாப் போனா, அந்த எடத்துல எறங்கி ஒரு கல்லைத் தூக்கிப் போட்டுட்டுத்தான் போவாராம். கல்லு குமிஞ்சு கெடக்கும்பாக. ஏன் தாத்தா போடணும்னு நான் கேட்டதுக்கு, போடணும், அவ்ளோதாம்ல, அப்டின்னுட்டாரு." இங்கே என் குரல் குறுக்கே வருகிறது: "சரி தாத்தா, அந்தக் கயித்து விஷயத்தை இன்னொரு தடவ சொல்லுங்க." என் நோட்டில் இந்த இடத்தில் ஒரு கோடு போட்டு 'தொடர்பில்லாதது' என்று எழுதியிருக்கிறேன்.

'எங்க அய்யா' என்று ஆரம்பித்துவிட்டு, 'ஏன் தாத்தா' என்று கேட்டதாகவும் சொல்கிறார். கேள்வி கேட்டது அப்பாவிடமா, அவருடைய தாத்தாவிடமா? டேப்பை நாலைந்து முறை ஓட்டிப் பார்த்தும் பிடிபடவில்லை. இரண்டு ஆட்களும் அவர் ஞாபகத்தில் ஒன்றாகிவிட்டார்களோ என்னவோ.

பழைய குறிப்பின் தலைப்பிலிருந்து 'வாய்மொழிச் சான்று' என்பதை எடுத்துவிட்டேன். கயிறு பற்றிய பத்தியை அழிக்கவில்லை, பக்கத்தில் 'படம், 1959' என்று சேர்த்திருக்கிறேன். கல் போட்ட செய்தியைத் தாத்தா சொன்னபடியே, அய்யாவா தாத்தாவா என்ற குழப்பத்தோடு, அப்படியே தட்டச்சு செய்து மேலே போட்டிருக்கிறேன்.