கள்ளுக்கடையின் கணக்கு

ஓர் அரசியல்வாதி இனவாதமாகப் பேசினால் நமக்குத் தெரிந்த வழிகள் இரண்டு. மன்னிப்புக் கேட்கச் சொல்வோம், இல்லாவிட்டால் போலீஸ் புகார் செய்வோம். இரண்டும் தேவைதான். ஆனால் ஒரு சிறுகதையை வாசிப்பதுபோல அந்த வசையை உட்கார்ந்து வாசித்துப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை.

2020 டிசம்பரில் கெடாவில் ஒரு முனீஸ்வரர் கோயில் உடைக்கப்பட்டது. ம.இ.கா. கண்டித்தது. அதற்குப் பதில் சொன்ன கெடா மந்திரி பெசார் முகமட் சனூசி, கள்ளு மயக்கத்தில் பேசுகிறார்களா என்ற தொனியில் கேலி செய்தார். அடுத்த மாதம், நடமாட்டக் கட்டுப்பாட்டைக் காரணம் காட்டி, தைப்பூசத்துக்கான மாநிலச் சிறப்பு விடுமுறையும் ரத்தானது. கோயிலைப் பற்றியும் விடுமுறையைப் பற்றியும் நிறையப் பேசிவிட்டோம். நான் 'கள்' என்ற ஒரு சொல்லோடு நின்றுகொள்கிறேன்.

ஏன் கள்? நிலம் யாருடையது, முறையாக நோட்டீஸ் கொடுத்தீர்களா என்பவை பதில் சொல்லக்கூடிய கேள்விகள். கள் என்றதும் கேள்வி காணாமல் போகிறது, கேட்டவன் மட்டும் மிஞ்சுகிறான். அவன் கோட் சூட் போட்டிருந்தாலும் ஒரே சொல்லில் லயத்துக்குத் திருப்பி அனுப்பப்படுகிறான். 'பெண்டாத்தாங்' என்று சொன்னால் சர்ச்சை வரும். கள் என்று சொன்னால் சிரிப்பு வரும். வேலை என்னவோ ஒன்றுதான்.

சிரிப்பு வரும் என்பதை அனுபவத்தில் சொல்கிறேன். கூலிம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் பொறியாளராக இருக்கிறேன். அந்த வாரம் கேண்டீனில் நான் வைத்திருந்த ஐஸ் பார்லியைக் காட்டி, "இதுவும் கள்ளா?" என்று கேட்டார் உடன் வேலை செய்யும் ஒருவர். மேசையே சிரித்தது. நானும் சிரித்தேன். கள்ளுக்கடை என்ற ஒன்றை நான் கண்ணால் பார்த்ததுகூடக் கிடையாது.

ஏதோ தமிழன் கப்பலேறும்போதே கள்ளையும் கட்டிக்கொண்டு வந்ததுபோல அந்தக் கேலி பேசுகிறது. கடை வைத்தது யார்? தோட்டத்துக் கள்ளுக்கடை காலனி அரசின் உரிமத்தோடு நடந்தது. பல இடங்களில் தோட்ட நிர்வாகமே நடத்தியது. லாபம் தொழிலாளர் நலனுக்கான நிதிக்குப் போவதாகக் கணக்கு. அதாவது, அவன் குடித்த காசில் அவனுக்கே நலன். கொடுத்த கூலியில் ஒரு பங்கு தோட்ட எல்லையைத் தாண்டாமலே திரும்பி வந்துவிடும். இப்படி ஒரு சுற்றை நான் வரைந்து காட்டினால் என் மேலாளர் பாராட்டுவார்.

இதைத் தொழிலாளிகள் புரிந்துகொள்ளாமல் இல்லை. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் செய்தவர்கள், துரையைக் கண்டால் சைக்கிளைவிட்டு இறங்க மாட்டோம் என்றார்கள். கள்ளுக்கடையை மூடு என்பதும் அதே கோரிக்கைப் பட்டியலில் இருந்தது. போர் முடிந்த பிறகு, சனூசி ஆளும் இதே கெடாவில், பீடோங் ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ.எம். சாமி தலைமையில் தொண்டர் படை உருவானது. சீருடை போட்டு அணிவகுத்தார்கள். கள்ளுக்கடை வாசலில் மறியல் செய்தார்கள். 1947-இல் பீடோங்கிலும் கூலிம் வட்டாரத்து டப்ளின் தோட்டத்திலும் போலீசோடு நடந்த மோதல்களில் தொழிலாளிகள் உயிர் போனது. மூடச் சொன்னவர்களைத்தான் அன்று போலீஸ் அடித்தது. எழுபது சொச்சம் ஆண்டுகள் கழித்து அதே மாநிலத்தில் அவர்கள் வம்சத்துக்குக் கள் என்பது கேலிப்பெயர்.

சையத் ஹுசேன் அலத்தாஸ் 1977-இல் எழுதிய நூல் ஒன்று, 'சோம்பேறி மலாய்க்காரன்' என்ற பிம்பத்தைக் காலனி முதலாளித்துவம் எப்படித் தன் வசதிக்காக உருவாக்கியது என்று பிரித்துக் காட்டுகிறது. கூலிக்குத் தோட்டத்துக்கு வராதவன் சோம்பேறி. வந்தவன் அடங்கிப்போகிறவன், குடிகாரன். இரண்டும் ஒரே துரை எழுதிய ஒரே பேரேட்டின் பக்கங்கள். தன்னைப் பற்றிய பக்கத்தைக் கிழித்துப்போட்டுவிட்டுப் பக்கத்து வீட்டுக்காரனைப் பற்றியதை மட்டும் வைத்துக்கொண்டு வாசிக்கிறார் ஒரு மலாய்த் தலைவர். இனவாதப் பேச்சில் புதிதாக ஏதும் கிடையாது. பெரும்பாலும் எசமான் விட்டுப்போன சொத்துதான்.

சரி, நம் பதில் என்னவாக இருந்தது? "நாங்கள் டாக்டர், வக்கீல், எங்களைப் போய்க் கள்ளு என்பதா?" இந்தப் பதிலில் எனக்கு உடன்பாடு இல்லை. இது லயத்திலிருந்து தப்பித்தவன், இன்னும் அங்கேயே இருப்பவனைக் காட்டிக்கொடுத்துவிட்டு நழுவும் பதில். 2011-இல் 'இன்டர்லோக்' நாவல் பள்ளிப் பாடநூலானபோதும் இதுதான் நடந்தது. அதை எழுதிய அப்துல்லா ஹுசேன் நம்ம கெடா, யான் பக்கத்துக்காரர். 'பறையா' என்ற சொல்லை எதிர்த்துப் போராடினோம், நூல் மீட்டுக்கொள்ளப்பட்டது. நியாயமான போராட்டம். ஆனால் யாரையும் அப்படிச் சொல்லக்கூடாது என்பதைவிட, எங்களை எப்படி அப்படிச் சொல்லலாம் என்ற குரல்தான் என் காதில் அதிகம் விழுந்தது.

இலக்கியத்துக்கு வருகிறேன். கே.எஸ். மணியம் பிறந்தது பீடோங்கில். சீ. முத்துசாமி சுங்கைப்பட்டாணிக்காரர். தோட்டத்தை உள்ளேயிருந்து எழுதியவர்கள் இந்த மண்ணில் உண்டு. என் குறை என் தலைமுறை மீது. போட்டிக்கு எழுதும் தோட்டத்துக் கதை என்றால் குடிகார அப்பா, அழுகிற அம்மா, படித்து முன்னேறும் மகன். அப்பா ஏன் குடிக்கிறார் என்று கதை கேட்பதில்லை. குடிப்பது அவர் சுபாவம். சனூசியும் வேறென்ன சொன்னார்?

நானும் அப்படி ஒன்று எழுதினேன். பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது அதற்குப் பரிசுகூடக் கிடைத்தது. பெருமையாகப் பாட்டியிடம் வாசித்துக் காட்டினேன். பீடோங் பக்கம் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர் அவர். கேட்டுவிட்டு, "கடை எங்க இருந்துச்சுன்னு எழுதலையேய்யா? ஆபீசுக்குப் பின்னாலதான இருந்துச்சு. சம்பளம் வாங்கிட்டு அப்படியே நேரா போவாங்க" என்றார். அப்புறம் தன் அப்பாவைப் பற்றிச் சொன்னார். குடித்துவிட்டு வந்தவரைத் தொண்டர்கள் பிடித்து மரத்தில் கட்டி வைத்தார்களாம். கொஞ்ச நாள் கழித்து அதே மனுசன் அவர்களோடு மறியலில் போய் நின்றாராம். "பாவம், வெக்கப்பட்டுக்கிட்டே நின்னாரு."

தொண்டர் படையைப் புனிதமாக்கவும் எனக்கு மனசில்லை. குடித்தவனை அடித்துத் திருத்துவது என்ன நியாயம்? ஆனால் கட்டி வைக்கப்பட்ட குடிகாரன் ஒருவன் வெட்கத்தோடு மறியலில் நிற்கிறான் பாருங்கள், அவன் சனூசியின் கேலியிலும் அடங்க மாட்டான், என் பரிசுக் கதையிலும் அடங்க மாட்டான். மன்னிப்பு அறிக்கை எதிலும் அவன் பெயர் வராது. அவனை எழுத ஒரு கதையால்தான் முடியும். ஆபீசுக்குப் பின்னால் இருந்த அந்தக் கடையையும் சேர்த்து.

கேண்டீனில் சிரித்தவருக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. கெட்டவர் இல்லை, பெருநாளுக்கு வீட்டுக்குக் கூப்பிட்டு லெமாங் கொடுப்பவர். சொந்த ஊர் பீடோங். ஹார்வர்ட் தோட்டத்தில் என்ன நடந்தது என்று அவருக்குத் தெரியாது. பாட்டி சொல்லும்வரை எனக்கும் தெரியாது.