கல்லில் மிஞ்சிய குழி
இங்கிலாந்தின் சஃபோக் பகுதிப் பழைய தேவாலயங்களுக்குப் போனால் தரையைப் பார்த்து நடங்கள். பர்பெக் என்ற சுண்ணாம்புக்கல்லில் ஓர் ஆள் வடிவம் குழியாகக் கிடக்கும்: தலை, தோள், தரை தொடும் அங்கி. அந்தக் குழியில் தார் ஊற்றி, இறந்தவரின் நினைவாகப் பித்தளைத் தகட்டைப் பதித்து, ஆணி அறைந்திருந்தார்கள். தகடுகளில் அவரது ஆன்மாவுக்காக மன்றாடச் சொன்ன வாசகங்கள் பிழை என்று, 1643-44இல் பியூரிட்டன் கிறித்தவரான வில்லியம் டௌசிங் பல தகடுகளைப் பெயர்க்க வைத்தார். பித்தளைக்கு விலை உண்டே, திருடர்களும் விடவில்லை. பெயர்த்த சிலவற்றைத் திருப்பிப் போட்டு, பின்புறத்தில் வேறொருவருக்கு நினைவுச்சின்னம் வெட்டியதும் உண்டு! பெயர் போனாலும் கல்தச்சரின் உளி ஓட்டம் போகவில்லை. அங்கியின் ஓரம்வரை என்ன துல்லியம்! முழுத் தகட்டைவிட இந்த வெறும் குழிதான் எனக்கு அழகு. சில ஆணித்துளைகளில் ஈயம் இன்னும் ஒட்டியிருக்கிறது. குனிந்து பாருங்கள்.