தேர்வுத்தாளில் மொழித் திறனாய்வு

இங்கிலாந்தில் 16 அகவை மாணவர் எழுதும் ஆங்கில மொழித் தேர்வில், ஆசிரியர் மொழியை எங்ஙனம் கையாள்கிறார் என்னும் வினா நிலைபெற்றுள்ளது. ஏ.கியூ.ஏ. தேர்வு வாரியம் 2017 முதல் நடத்திவரும் முதல் தாளில் அதற்கு 8 மதிப்பெண். மாணவர் முன்னர்ப் பாராத புனைகதைப் பகுதி ஒன்றைத் தந்து, சொல், அணி, வாக்கிய அமைப்பு ஆகியவற்றின் பயனை அது வினவுகிறது.

இம்முறையின் வேர்களுள் ஒன்று கேம்பிரிட்சில் உள்ளது. ஐ. ஏ. ரிச்சர்ட்சு, ஆசிரியர் பெயரை மறைத்துச் செய்யுட்களை மாணவர்க்கு அளித்து, அவர்தம் கருத்துரைகளை ஆராய்ந்து 1929-இல் நூலாக்கினார். புலவர் புகழ் துணைநில்லாவிடத்துச் சொல்லே சான்றாதல் வேண்டும் என்பது அதனால் யாம் பெறும் தெளிவு.

எனினும், ‘ஈண்டு உவமை வந்துள்ளது, அது படிப்போரை ஈர்க்கிறது’ என எழுதி அமையும் விடையும் உண்டு. அவ்விடை எல்லா உவமைக்கும் பொருந்தும். ஆதலின் எதனையும் விளக்காது. ‘காற்று ஓநாய்போல் வீட்டைச் சுற்றி ஊளையிட்டது’ என்னும் தொடரைக் கொள்வோம். ஒப்புமை ஒலியளவில் நில்லாது. ஓநாய் இரைதேடும் விலங்கு. எனவே உள்ளிருப்போர் இரையாகும் அச்சமும் உடன்தோன்றுகிறது. இதனை எடுத்துரைப்பதே திறனாய்வு.

தொல்காப்பியர் உவமத்தை வினை, பயன், மெய், உரு என நால்வகைப்படுத்தியதும், ஒப்புமை எதனால் அமைந்தது என ஆராயவே நம்மைத் தூண்டுகிறது. ஆதலின், நம் முதுகலை வினாத்தாள்களும் அணியின் பெயரைக் கேட்குமிடத்தெல்லாம் அதன் பயனையும் கேட்டல் வேண்டும் என்பது எம் துணிபு.